துரைக்கு ஒரு படுக்கை

என்றைக்கும் என் மரியாதைக்கு உரிய, கொஞ்சம் தாமதமாக என் பிரியத்துக்கும் உரியவராகிவிட்ட மாமாவுக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? நாம் பேசிக்கொண்டதும் குறைவுதான். "சாப்டீங்களா மாமா?" என்பேன். "ஆச்சுங்க மாப்ள" என்பீர்கள். இதை வைத்தே மாமனாரும் மருமகனும் வருஷக்கணக்கில் காலத்தை ஓட்டிவிட்டோம்.

அழுது புலம்ப இதை எழுதவில்லை. அதற்கு உங்கள் மகள் பூங்கொடி இருக்கிறாள், குறைவில்லாமல் செய்கிறாள். எனக்கு உங்களிடம் ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டும், ஒரு கேள்வி கேட்க வேண்டும். இரண்டுமே உங்கள் நாய் துரையைப் பற்றியவை. அவன் படுத்துக்கொள்ள ஒரு படுக்கை தேடி நான் அலைந்த கதை இது. வேடசந்தூர் மில்லில் மேஸ்திரியாக இருக்கிற ஆள், ஷிப்ட் முடிந்து வந்து நாய்க்கு மெத்தை தேடினானா என்று சிரிக்காதீர்கள். ஊர் ஏற்கெனவே சிரித்துவிட்டது.

முதலில் வீட்டு நிலவரம். உங்களைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் படுத்திருந்த பாய், தலையணை, போர்வை எல்லாம் வெளியே போயின. அந்த மரக்கட்டிலும் வீட்டில் இருக்கக் கூடாது என்று உங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். கேட்டு வந்த ஒருவருக்கு அன்றைக்கே கொடுத்துவிட்டோம். உங்கள் கைத்தடியை உங்களோடு அனுப்பினோம், போகிற வழியில் ஊன்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

கட்டிலுக்கு அடியில் சின்ன வெங்காயச் சாக்குகள் மடித்துக் கிடந்தன. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நீங்கள் எடை போட்ட காலத்துச் சாக்குகள். வாசல் நடையில் காவலுக்குக் கிடக்கிற நேரம் போக, அவற்றின்மேல்தான் துரை கட்டில் காலில் முதுகைச் சாய்த்துப் படுத்திருப்பான். அதுவும் செத்தவர் சாமான் என்று யாரோ வாரிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டார்கள். அந்தச் சாக்குகள் துரையுடையவை என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நான் திரும்பி வந்தபோது முன்னறை காலியாகக் கழுவிக் கிடந்தது. துரை ஈரக் கடப்பாக்கல்லில் கட்டில் கிடந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பிறகு வாசல் நடைக்குக் குறுக்கே போய்ப் படுத்தான். அப்புறம் அவன் இடம் அதுவாகிவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் அவன் போக்கே மாறிப்போனது. குரைப்பது அடியோடு நின்றுவிட்டது. சிலிண்டர் கொண்டு வந்தவர் கேட்டைத் திறந்து, அவனைத் தாண்டி, அடுப்படி வரைக்கும் வந்து, "அக்கா, நாய் கட்டிக் கிடக்கா?" என்று கேட்டார். கட்டவில்லை. துரை தூங்கிக்கொண்டிருந்தான். நீங்கள் இருந்தபோது இதே ஆள் தெருவிலேயே நின்று கத்துவார், நீங்கள் துரையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் உள்ளே வருவார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பூங்கொடி சோற்றை வைத்துக்கொண்டு, "துரை, ஏ துரை, வா சாமி" என்று முதுகுக்குப் பின்னால் நின்று கெஞ்சுவாள். அவன் தெருவைப் பார்த்தபடியே இருப்பான். பேருக்கு ஏற்ற துரைதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு சகாயமேரி டீச்சர் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏக்கம் தம்பி. மனுசன் மறந்துருவான், இதுக மறக்காது. எங்க வீட்ல ஒண்ணு இருந்துச்சு, எங்க வீட்டுக்காரரு செத்த அதே மாசம் அதுவும் போயிருச்சு." நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது உங்கள் மகள். அவள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள்.

"ஏக்கமில்லைங்க. கோவம்" என்றாள் என்னிடம். "அப்பா அங்கயே இருந்துக்கறேன்னாரு. நாந்தான் வம்படியா இங்க இழுத்துட்டு வந்தேன். இப்ப அவரு கட்டிலயும் அன்னைக்கே தூக்கிக் குடுத்துட்டோம். அவரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருங்க. அதான் இவன் என் மொகத்தையே பாக்க மாட்டேங்குறான்."

அத்தை போன பிறகு, உங்கள் மகன் தோட்டத்து வீட்டோடு இருக்க, ஒட்டன்சத்திரத்து வீட்டில் உங்களைத் தனியே விட அவளுக்கு மனசில்லை. பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவதா என்று நீங்கள் தயங்கியதும் நியாயம்தான். கடைசியில் நாயோடு வந்தால் வருகிறேன் என்றீர்கள். நானும் சரி என்றேன். "காவலுக்கு இருக்கட்டும், உள்ரூமுக்கு மட்டும் வரக் கூடாது" என்று சொன்னதும் நான்தான். அந்த ஏற்பாட்டில் நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்களா என்பது எனக்கே சந்தேகம்தான். நானும் நீங்கள் என்மேல் கடுப்பில் இருந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று சொல்கிறேன். நான் ஷிப்ட் முடிந்து வந்து கேட்டில் கை வைத்த உடனே, உள்ளே உங்கள் கைத்தடி தரையில் தட்டும். டொக், டொக். நான் நிலையைத் தாண்டும்போது நீங்கள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "வாங்க மாப்ள" என்பீர்கள். அந்தத் தட்டல் எனக்கு முள்ளாகக் குத்தும். வந்த புதிதில் அது கிடையாது, பிறகுதான் ஆரம்பித்தது. "உங்கப்பா என்னையக் கண்டாலே தடியத் தட்டுறாரு" என்று ஒருநாள் பூங்கொடியிடம் சொன்னேன். "வயசானவரு, விடுங்க" என்றாள். விட்டுவிட்டேன், ஆனால் மறக்கவில்லை.

இருக்கட்டும், துரைக்கு வருவோம். கல்லில் படுத்துப் படுத்து அவன் முழங்கைகள் இரண்டும் மயிர் உதிர்ந்து காய்ப்புக் காய்த்தன. பிறகு காய்ப்பு வெடித்து நீர் வடிய ஆரம்பித்தது. இடுப்பும் பிடித்துக்கொண்டு எழுவதற்குத் தவித்தான். ஆட்டோவில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

டாக்டரம்மா புண்ணைக் கழுவி மருந்து வைத்தார். "எங்க படுக்குது?" என்று கேட்டார். சொன்னேன். "வயசான நாயி, எலும்புக்கு மேல சதையே இல்ல. கல்லுல போட்டா எப்பிடி ஆறும்? மெத்துனு ஏதாச்சும் போட்டுக் குடுங்க. உள்ள சீழ் வச்சா ரொம்பச் சிரமம், பாத்துக்கங்க" என்றார்.

சரி, மெத்தைதானே, பஞ்சிலேயே பிழைப்பு நடத்துகிற நமக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிற ரோட்டில் நாய், பூனை, மீன் சாமான் விற்கிற கடை ஒன்று வந்திருக்கிறது. அங்கே போனேன். வட்டமாக, சுற்றிலும் கரை வைத்து, நடுவில் பள்ளமாக, பெரிய பணியாரச் சட்டி மாதிரி ஒரு படுக்கை. பூப்போட்ட துணி வேறு. கடைக்காரர் அதில் கையை வைத்து அழுத்திக் காட்டினார். "கை உள்ள போயிருது பாத்தீங்களா? அம்புட்டுச் சாப்ட்டு" என்றார். வாங்கி வந்தேன்.

துரை அதை முகர்ந்தான். ஒரு காலை வைத்தான், கால் உள்ளே போனது. சேற்றில் மிதித்தவன் மாதிரி காலை எடுத்து உதறினான். பிறகு அதை ஒட்டியே கல்லில் படுத்துக்கொண்டான். இறைச்சித் துண்டு வைத்துப் பார்த்தோம். கழுத்தை மட்டும் நீட்டி அதை எடுத்துத் தின்றுவிட்டு மறுபடியும் கல்லில் படுத்தான். பணியாரச் சட்டியில் இப்போது பூங்கொடி தேங்காய் போட்டு வைத்திருக்கிறாள்.

செயற்கைப் பஞ்சின் சூடு அவனுக்குப் பிடிக்கவில்லை போல என்று முடிவு செய்தேன். நம் வெயிலுக்கு அது ஒத்துவராது. இலவம் பஞ்சுதான் சரி என்று மெத்தை தைக்கிறவரிடம் சொல்லி, கெட்டியாகத் திணித்து, நாலு பக்கமும் தையல் போட்டு ஒன்று தைத்து வாங்கினேன். நானே முழங்கையை ஊன்றிப் படுத்துப் பார்த்தேன். மாமா, அவ்வளவு சுகம். அங்கேயே தூங்கிவிட்டிருப்பேன்.

இந்த முறை அவனைத் தூக்கி அதன்மேல் வைத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். வலியோ களைப்போ, கண் சொருகியது. மத்தியானம் முழுக்கத் தூங்கினான். பூங்கொடிக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாயங்காலம் மருந்து வைக்க அவன் பின்பக்கமாகப் போய் முதுகில் கை வைத்தாள்.

துள்ளி எழுந்து கடித்துவிட்டான்.

பெரிய கடி இல்லை. மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. அவனுக்கு வருஷா வருஷம் ஊசி போட்டிருக்கிறீர்கள், ஆனாலும் பெரியாஸ்பத்திரியில் அவளுக்கும் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். ஊசிக்கு அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் துரை அவளைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு, அந்த மெத்தையை விட்டு எழுந்து நடைக்குப் போய்க் கல்லில் படுத்தான். அதைப் பார்த்துத்தான் அழுதாள். "பாத்தீங்கல்ல? எங்கையி பட்டதும் கடிக்கறான். எங்கப்பா என்னைய மன்னிக்கலீங்க." அதன்பிறகு அந்த மணிக்கட்டு வீக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை. எனக்கு அன்றைக்கு நாயின்மேல் கோபம் வந்தது, உங்கள்மேலும் வந்தது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து உங்கள் மகன் போன் செய்தார். தங்கையைக் கடித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. "மாப்ள, கடிக்கிற நாய வூட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு என்ன பண்றதுங்க? நாயித்துக்கெழமை வண்டிய எடுத்துக்கிட்டு வாரேன். தோட்டத்துல கட்டிப் போட்டர்றேன். கெடந்துட்டுப் போகுது" என்றார். தோட்டத்தில் கட்டிப்போட்டால் அந்த முழங்கையோடு அவன் எத்தனை நாள் கிடப்பான் என்று எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும். நான் சரி என்றேன். அப்பாவை அவர் ஊருக்கே திருப்பி அனுப்புகிற மாதிரி பூங்கொடிக்கு ஒரு நினைப்பு. அதில் அவளுக்கு ஆறுதலா, வேதனையா என்று நான் கேட்கவில்லை.

இடையில் ஒரு பகல் ஷிப்ட். எங்கள் டிபார்ட்மெண்டில் நூல் ஓடுகிற மெஷின்கள் எழுப்பும் இரைச்சல் உங்களுக்குத் தெரியாது. காது பக்கத்தில் வாய் வைத்துக் கத்தினால்தான் ஒரு வார்த்தை கேட்கும். அதனால் உள்ளே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கை ஜாடை, தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். வருஷக்கணக்காக அதிலேயே நின்றவர்களுக்கு வெளியே வந்தாலும் காது மந்தம்தான். என் வலது காதும் சுமார்தான், டிவி சத்தத்துக்காகப் பூங்கொடி என்னோடு சண்டை போடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

டீக்கு விட்ட நேரம். வெளியே நீள இரும்பு பெஞ்சு. அதன் அந்தக் கோடியில் எங்கள் டிபார்ட்மெண்ட் முத்துலட்சுமி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கேட்காது என்று தெரியும். தொடவும் இல்லை. பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் டீயைக் கொட்டிக்கொண்டு, "ஏலே, எவன்டா அது!" என்று அடிக்க வருவாள். பெஞ்சின் இந்தக் கோடியில் சாவியால் இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் உட்கார்ந்த இடத்தில் அந்த அதிர்வு தெரிந்தது. "என்ன மேஸ்திரி?" என்று திரும்பினாள்.

தினமும் செய்கிற காரியம். ஆனால் அன்றைக்குச் சாவி என் கையிலேயே நின்றுவிட்டது. இரண்டு தட்டு. நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோனது. "ஒண்ணுமில்ல தாயி, நீ டீயைக் குடி" என்றேன்.

மில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரும்வரை அதே யோசனைதான். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. துரை நடையில் தெருவைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து, அடுப்படியில் இருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டேன். அவனுக்குப் பின்னால், தரையில் கால் அதிராமல் பூனை மாதிரி நடந்து போய் நின்று, தட்டை உயரத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து டீச்சர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். துரையின் காது மடல்கூட அசையவில்லை.

"என்னங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று பூங்கொடி ஓடி வந்தாள்.

"செத்த நேரம் சும்மா இரு" என்றேன். ஒட்டடைக் கம்பை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, நீங்கள் தட்டுவீர்களே, அதே மாதிரி கல்லில் தட்டினேன். டொக், டொக்.

துரை தலையைத் தூக்கினான். இடுப்பை இழுத்துக்கொண்டு மெதுவாக எழுந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடையை விட்டு விலகி, நேரே முன்னறைக்குப் போய், உங்கள் கட்டில் கிடந்த அந்த வெற்றுத் தரையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

பூங்கொடிதான் கம்பை என்னிடமிருந்து வாங்கினாள். "வேத்தாளு வந்தா அப்பா வேற மாதிரி தட்டுவாருங்க" என்றாள். விடாமல் படபடவென்று தட்டினாள். துரை எழுந்தான். அந்த நொண்டி இடுப்போடு கேட்டைப் பார்த்து ஓடி, யாருமே இல்லாத தெருவைப் பார்த்துக் குரைத்தான். நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் அவன் குரலை நாங்கள் கேட்டோம்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இவனுக்கு..."

"காது கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல போல."

"அப்ப எங்கப்பா கோவிச்சுக்கலையா?"

"கோவமும் இல்ல, ஒண்ணுமில்ல. காது கேக்கலடி. அம்புட்டுதான்."

அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். எழுந்து போய்த் தட்டு நிறையச் சோறு போட்டு, முதல் முறையாக அவனுக்கு எதிரில் போய் நின்று வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் வாலை ஆட்டினான். முன்னாலும் எதிரில் நின்றிருந்தால் ஆட்டியிருப்பான். முதுகுக்குப் பின்னாலேயே நின்று கூப்பிட்டுவிட்டு, முகம் கொடுக்கவில்லை என்று நாங்களாக முடிவு கட்டியிருக்கிறோம். அன்றைக்கு அவளும் நன்றாகச் சாப்பிட்டாள்.

மீதியெல்லாம் தானாகப் புரிந்தது. கல்லில் படுத்தால் வீட்டில் யார் எங்கே நடந்தாலும் அவன் உடம்புக்குத் தெரியும். அதனால்தான் எல்லாரும் தாண்டிப் போகிற நடையில் போய்ப் படுத்தான். அசந்து தூங்கினால் மட்டும் தெரியாது, சிலிண்டர்காரர் அப்படித்தான் தப்பித்தார். அவனை நான் கொண்டு போய் முழங்கை ஆழத்துக்கு இலவம் பஞ்சில் வைத்தேன். அதில் ஊர் இடிந்து விழுந்தாலும் தெரியாது. அப்படித் தூங்குகிறவன் முதுகில் திடீரென்று ஒரு கை விழுந்தால் முத்துலட்சுமியே அடிக்க வருவாள், இவன் பாவம் என்ன செய்வான்? கல்லில் அவனுக்குப் புண். மெத்தையில் பயம். அவன் புண்ணே தேவலை என்று எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வண்டியோடு வந்தார், சங்கிலியும் கொண்டு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. "ஏனுங்க மாப்ள, வெளையாடறீங்களா?" என்றார். ஒட்டடைக் கம்பைக் கையில் கொடுத்தேன். இரண்டு தட்டினார், துரை எழுந்து போனான். படபடவென்று தட்டினார், ஓடி வந்து குரைத்தான். உங்கள் மகனைத்தான் உங்களுக்குத் தெரியுமே. மீசை நரைத்த மனிதர், புதுச் சைக்கிள் கிடைத்த பிள்ளை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். கடைசியில் பூங்கொடி, "அவனுக்கு இடுப்பு வலிக்கும்ணா, விடு" என்று கம்பைப் பிடுங்கினாள். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்கிலி வண்டியிலேயே திரும்பிப் போனது.

இப்போது படுக்கைக்கு வருகிறேன். உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மரப்பலகை ஒன்று, தரையிலிருந்து நாலு விரல் உயரம். இரும்பைப் போலவே மரமும் அதிர்வைக் கடத்தும் என்று மில்லில் தெரிந்துகொண்டதுதான். அதன்மேல் மெத்தைக்காரரிடம் வாங்கிய தேங்காய் நார் விரிப்பு. நாருக்கு ஒரு குணம் உண்டு, உடம்பைத் தாங்கும், ஆனால் விழுங்காது. மேலே பூங்கொடியின் பழைய நூல் சேலை, நாலாக மடித்துச் சுற்றித் தைத்தது. மடித்த ஓரத்தில் முழங்கைக்கென்று கொஞ்சம் பஞ்சு, அந்த இடத்தில் மட்டும்.

செய்து முன்னறையில் போட்டேன். படுத்தான், ஆனால் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். முதுகுப் பக்கம் ஏதோ குறைகிறது அவனுக்கு. என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கட்டில் கால். நீங்கள் புரண்டால், எழுந்தால், இருமினால், அதன் வழியாக அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் இப்போது ஒரே ஒரு கட்டில்தான் இருக்கிறது. அது எங்கே கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

உள்ரூமுக்கு நாய் வரக் கூடாது என்று சட்டம் போட்டவனே பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ரூமுக்குப் போனேன். என் பக்கத்துக் கட்டில் காலோடு அதைச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினேன். பூங்கொடி நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கும் காது சுமாருதானே, நீங்களும் அதுலயே படுத்துக்கங்க" என்றாள். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ராத்திரி ஷிப்ட் வாரங்களில் நான் பகலில்தான் தூங்குவேன் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் மத்தியானம் நான் கட்டிலில் படுத்தேன். துரை பலகையில் ஏறி, கட்டில் காலில் முதுகைச் சாய்த்தான். நான் வேண்டுமென்றே ஒருமுறை புரண்டேன். தலையைத் தூக்கினான், நான்தான் என்று பார்த்தான், தலையைக் கீழே வைத்தான். செத்த நேரத்தில் குறட்டை. அவன் குறட்டை எனக்குக் கட்டில் வழியாகத் தெரிந்தது. முழங்கைப் புண் இப்போது காய்ந்து வருகிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, வயசான நாய்க்குக் காது போவது சகஜம்தான், இனிமேல் எதிரில் வந்து நின்ற பிறகே தொடுங்கள் என்றார்.

இனி என் கேள்வி. ஏன் மாமா சொல்லவில்லை?

நானே விடையும் யோசித்துப் பார்த்தேன். காவலுக்கு இருக்கட்டும் என்று ஒருவன் சொல்லி வைத்த நாய். அதற்குக் காது போய்விட்டது என்று அவனிடம் போய்ச் சொல்வது எப்படி? பெண் கொடுத்த இடத்தில் உங்களுக்கு அது பெரிய சங்கடமாக இருந்திருக்கும். அதனால் அவன் காதாக நீங்களே இருந்துவிட்டீர்கள். வேற்றாள் வந்தால் தட்டினீர்கள், அவன் குரைத்தான், காவல் நடந்தது. நான் வந்தால் இரண்டு தட்டு. மாப்பிள்ளை வருகிறார், நடையில் குறுக்கே படுக்காதே, காலில் இடறிவிடப் போகிறார், எழுந்து வா. அவ்வளவுதானே அதற்கு அர்த்தம்? அதைத்தான் நான் இத்தனை காலம் என்மேல் உள்ள கடுப்பு என்று வைத்துக்கொண்டிருந்தேன். நான் விழுந்துவிடக் கூடாது என்று ஒருவர் உள்ளே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? துரை இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நம்ப ஆசைப்படுகிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. நீங்கள் மார்க்கெட்டில் எடை போட்டவர், ஆளையும் எடை போட்டிருப்பீர்கள்.

இப்போது வீட்டில் யாரும் பூனை நடை நடப்பதில்லை. பூங்கொடி குதிகாலை அழுத்தி வைத்துத்தான் நடக்கிறாள். டீச்சர்கூடக் கேட்டைத் தாண்டியதும் குடைக்காம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருகிறார். சாயங்காலம் மில் பஸ் என்னை இறக்கிவிடுகிறது. கேட்டில் கை வைக்கிறேன். உள்ளே தடிச்சத்தம் இல்லை. ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுத்தான் நான் நகர்கிறேன். பிறகு படியில் ஏறி, செருப்புக் காலால் கல்லில் இரண்டு தட்டுத் தட்டுகிறேன். அந்த நேரத்துக்கு நடையில் வந்து கிடக்கும் துரை எழுந்து எனக்கு வழி விடுகிறான். மாப்பிள்ளை வருகிறார் என்று சொல்ல ஆள் இல்லாததால், நானே சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். துரை இருக்கும் வரைக்கும் அந்தப் பலகையின் கயிறு என் கட்டில் காலை விட்டு அவிழாது. அவனைத் தூக்கத்தில் ஒரு கையும் தொடாது. ஒருநாள் அவனும் உங்களிடம் வந்து சேர்வான், அப்போது நீங்கள் தட்ட வேண்டியிருக்கும். தடி உங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
நடையில் இடறி விழாமல் நீங்கள் காத்த,
உங்கள் மாப்பிள்ளை